அப்பத்தா அமுக்கின பட்டன்: ஜிக்பீ யூ.எஸ்.பி கோஆர்டினேட்டர் செட்டப்பும் நான் பண்ணின தப்பும்

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். ஒரே விஷயம் இரண்டு தடவை வந்த இடங்களையும், நடுவில் தண்ணி லாரி ஹாரன் அடித்த இடத்தையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, வைஃபை பல்பு, வைஃபை பிளக்குன்னு நெறய வாங்கிட்டேன். ஜிக்பீக்கு மாறணும்னா முதல்ல என்ன வாங்கணும்?" பதில் ஒரே வரிதான். ஒரு யூ.எஸ்.பி கோஆர்டினேட்டர் வாங்குங்க. பென் டிரைவ் மாதிரி இருக்கும், நுனியில ஒரு குட்டி ஆன்டெனா இருக்கும். நான் வாங்கினப்போ ரெண்டாயிரம் சொச்சம் ரூபாய் ஆச்சு. அதைக் கம்ப்யூட்டர்ல சொருகி, சாஃப்ட்வேரைப் போட்டா வேலை முடிஞ்சது.

முடிஞ்சதுன்னுதான் நானும் நெனச்சேன். அதுக்கப்புறம் நான் பண்ணின தப்புகளைச் சொல்லத்தான் இந்த எபிசோட். அதுல ஒரு தப்புனால எங்க அப்பத்தா நாற்பது நிமிஷம் பாத்ரூம் தரையில கிடந்தாங்க. அதனால இன்னைக்கு கொஞ்சம் நிதானமாவே பேசுறேன்.

எங்க வீடு திருத்தங்கல்ல. இப்போ சிவகாசி மாநகராட்சிக்குள்ள வந்துடுச்சு, ஆனா எங்களுக்கு இன்னும் திருத்தங்கல்தான். அப்பா ஆஃப்செட் பிரஸ்ல மெஷின் ஓட்டுறார். அம்மா நோட்டு பைண்டிங் வேலைக்குப் போறாங்க. நான் சென்னையில இருக்கேன். பகல்ல வீட்ல இருக்கிறது அப்பத்தா மட்டும்தான், வயசு 81. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்கழியில ஒருநாள் பின்கட்டுல வழுக்கி உட்கார்ந்துட்டாங்க. பெரிய அடி இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி அம்மா போன்ல சொன்ன விதத்துல எனக்குத் தூக்கம் வரல. அப்பத்தா போனைக் கையில வச்சுக்க மாட்டாங்க. அது சாமி படத்துக்குக் கீழ, ஒரு துணி மேல, பத்திரமா இருக்கும். வாட்ச் வாங்கிக் கொடுத்தா ரெண்டாம் நாளே பீரோவுக்குள்ள போயிடும். சரி, அவங்க விழ வாய்ப்பிருக்கிற இடத்துல, கைக்கு எட்டுற உயரத்துல, ஒரு பட்டனை ஒட்டிடலாம்னு முடிவு பண்ணேன். அமுக்கினா அம்மாவுக்கும் எனக்கும் போன்ல அடிக்கணும், அவ்வளவுதான்.

ஏன் வைஃபை பட்டன் இல்லைன்னு கேட்பீங்க. வைஃபைக்குப் பசி ஜாஸ்தி. எப்பவும் ரவுட்டரோட பேசிட்டே இருக்கணும்னா பட்டன் செல் தாங்காது. தூங்க வச்சுட்டு அமுக்கும்போது எழுப்பினா, அது எழுந்து, நெட்வொர்க்கைத் தேடி, ஐ.பி முகவரி வாங்கி, அப்புறம்தான் பேசும். ஜிக்பீ அப்படியில்ல. அது ஓடுற ரேடியோ தரம் ஐ.இ.இ.இ 802.15.4, 2003ல வெளியானது. வேகம் வெறும் 250 கிலோபிட். வீடியோவெல்லாம் போகாது. "அமுக்கியாச்சு", "கதவு திறந்துச்சு", "31 டிகிரி" மாதிரி நாலு வார்த்தை மட்டும் போகும். பேசி முடிச்ச உடனே தூங்கிடும். அதனாலதான் ஒரு காயின் செல்லுல வருஷத்துக்கு மேல ஓடுது.

ஒரு ஜிக்பீ நெட்வொர்க்குல மூணு வகை ஆள் உண்டு. இந்த மூணையும் நல்லா மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி நடந்ததெல்லாம் இதனாலதான். ஒண்ணு கோஆர்டினேட்டர். நெட்வொர்க்கைத் தொடங்குறது, சேனலைத் தேர்ந்தெடுக்கிறது, பூட்டுச் சாவியைக் கையில வச்சிருக்கிறது எல்லாம் இது. ஒரு நெட்வொர்க்குக்கு ஒண்ணுதான் இருக்க முடியும். ரெண்டாவது ரவுட்டர். கரண்டுல ஓடுற பிளக்கு, பல்பு மாதிரி சாமான்கள் இந்த வகை. தன் வேலையையும் பார்த்துக்கிட்டு, அடுத்தவங்க செய்தியையும் கை மாத்தி விடும். மூணாவது எண்ட் டிவைஸ். பேட்டரியில ஓடுற பட்டன், சென்சார் எல்லாம் இதுல வரும். இது யாருக்கும் செய்தி கடத்தாது. கோஆர்டினேட்டரையோ ஒரு ரவுட்டரையோ தாயா வச்சுக்கிட்டு, அது மூலமா மட்டும்தான் பேசும்.

இப்போ செட்டப்புக்கு வர்றேன். என்கிட்ட இருந்தது ஒரு ராஸ்பெர்ரி பை 4. அதுல ஹோம் அசிஸ்டன்ட், கூடவே ஜிக்பீ டு எம்க்யூடிடி. ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள்ளேயே இசட்.எச்.ஏ-ன்னு ஒண்ணு இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு அது இன்னும் சுலபம். எது வேணா எடுங்க, ஆனா ஒரு டாங்கிளை ஒரு நேரத்துல ஒண்ணுதான் பிடிக்க முடியும். ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணி வச்சுக்கிட்டு "டாங்கிள் வேலை செய்யல"ன்னு எனக்கு மெயில் போட்டவங்க ஒரு கை விரலுக்கு மேல. டாங்கிள் வாங்கும்போது சிப்பைப் பாருங்க. சிசி2652, இ.எஃப்.ஆர்32 வகைச் சிப்பு உள்ளது வாங்கலாம். மலிவா கிடைக்குதேன்னு பழைய சிசி2531 பக்கம் போகாதீங்க. சும்மா பழகிப் பார்க்க அது போதும், வீட்டை நம்பி ஒப்படைக்க முடியாது.

முதல் தப்பு இங்கதான். ராஸ்பெர்ரி பை 4-ல நாலு யூ.எஸ்.பி ஓட்டை இருக்கு. ரெண்டு நீலம், அது யூ.எஸ்.பி 3. ரெண்டு கறுப்பு, அது யூ.எஸ்.பி 2. நான் ஒரு நீலத்துல எஸ்.எஸ்.டி-யை மாட்டி, பக்கத்து நீலத்துல டாங்கிளை நேராச் சொருகிட்டேன். வேகமான ஓட்டைதானே நல்லதுன்னு ஒரு நெனப்பு. பட்டனை அதே ரூம்ல வச்சா உடனே சேருது, பட்டாசாலுக்குக் கொண்டு போனா ஆளே இல்ல. (வெளியூர் நண்பர்களுக்கு: பட்டாசால்னா எங்க பக்கத்துல வீட்டு ஹால். பட்டாசுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.) ரெண்டு வாரக் கடைசி இதுலயே போச்சு. பட்டன் டூப்ளிகேட்னு திட்டினேன், டாங்கிளைத் திட்டினேன்.

காரணம் என்னன்னா, யூ.எஸ்.பி 3 நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்துல ஓடும்போது அதோட இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பரவுது. ஜிக்பீ பேசுறதும் அங்கதான். இன்டெல் கம்பெனியே 2012ல இதை அளந்து ஒரு அறிக்கை போட்டிருக்கு. ரைஸ் மில் பக்கத்துல நின்னு ரகசியம் பேசுற கதைதான். தீர்வு ஒரு மீட்டர் யூ.எஸ்.பி எக்ஸ்டென்ஷன் ஒயர். டாங்கிளை கறுப்பு ஓட்டைக்கு மாத்தி, ஒயரை நீட்டி, எஸ்.எஸ்.டி-யை விட்டும் வைஃபை ரவுட்டரை விட்டும் தள்ளி, செவுத்துல ஆணி அடிச்சு நிமிர்த்தி வச்சேன். சிக்னல் தரம் காட்டுற எண் முப்பதுல இருந்து நூத்தி நாற்பதுக்குப் போச்சு. நூறு ரூபாய் ஒயர் பண்ணின வேலை. அந்த ஒயரை டாங்கிள் கூடவே ஆர்டர் பண்ணிடுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்னு விடாதீங்க.

அப்புறம் பாதை. டாங்கிள் எந்த போர்ட்ல இருக்குன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லணும். எல்லாரும் யூடியூப்ல பார்த்துட்டு "டிடிஒய் யூ.எஸ்.பி 0"-ன்னு போட்டுடுறாங்க. அந்த எண், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது யார் முதல்ல வந்தாங்களோ அவங்களுக்கு. எங்க வீட்ல அதே பை-ல ஒரு ஆர்டுயினோவும் மாட்டியிருந்தேன், மொட்டை மாடி டேங்க்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்க்க. ஒருநாள் கரண்டு போய் வந்ததும் ரெண்டும் இடம் மாறி உட்கார்ந்துருச்சு. ஜிக்பீ சாஃப்ட்வேர் ஆர்டுயினோகிட்ட போய் பேசிக்கிட்டிருக்கு! சீரியல் ஃபோல்டருக்குள்ள "பை ஐடி"-ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல டாங்கிளோட பேரும் சீரியல் நம்பரும் சேர்ந்த நீளமான பேர் ஒண்ணு இருக்கும். அதைப் போடுங்க. எந்த ஓட்டையில மாட்டினாலும் அது மாறாது.

சேனல் விஷயம் கொஞ்சம் கணக்கு. ஜிக்பீக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 11-ல இருந்து 26 வரைக்கும் பதினாறு சேனல். ஒவ்வொண்ணும் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி. 11-வது சேனல் 2405, 15-வது 2425, 20-வது 2450, 25-வது 2475. வைஃபை ஒரு சேனலுக்கே இருபது மெகாஹெர்ட்ஸ் அகலமா உட்காரும். வழக்கமா வைஃபை இருக்கிறது 1, 6, 11-ல. அந்த மூணு மலைக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தாக்குதான் 15, 20. கடைசி மலையைத் தாண்டி இருக்கிறது 25. நாம மாத்தலைன்னா ஜிக்பீ டு எம்க்யூடிடி 11-லயே தொடங்கும். அது வைஃபை சேனல் 1 மேலயே போய் விழும். நான் 25 வச்சேன். 26 இன்னும் காலியா இருக்குமேன்னு போகாதீங்க, சில டிவைஸ் அதுல சேராது, சேர்ந்தாலும் குறைஞ்ச பவர்லதான் பேசும். இதை டிவைஸ் சேர்க்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. முப்பது டிவைஸ் சேர்த்த பிறகு சேனலை மாத்தினா, பாதி பின்னாடியே வரும், பாதி வராது. வராததை ஏணி போட்டு ஏறி ஒவ்வொண்ணா மறுபடி சேர்க்கணும்.

சாவியையும் சொல்லிடுறேன். பழைய கையேடுகளைப் பார்த்து கான்ஃபிகரேஷனை அப்படியே காப்பி பண்ணா, உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு நெட்வொர்க் சாவி உங்க வீட்டுக்கும் வந்துரும். அந்த இடத்துல "ஜெனரேட்"னு போட்டா அதுவே புதுசா ஒண்ணு உருவாக்கிக்கும். இன்னொண்ணு, புது டிவைஸ் சேரும்போது அந்தச் சாவியை அனுப்பப் பெரும்பாலும் பயன்படுற பொதுச் சாவி எல்லாருக்கும் தெரிஞ்சது. அதனால சேர்க்கும் கதவை வேலை முடிஞ்சதும் மூடுங்க. திறந்தே போட்டு வச்சா போறவன் வர்றவன் பல்பெல்லாம் உங்க வீட்ல வந்து சேரும். பேக்கப்பும் எடுத்து வைங்க. கோஆர்டினேட்டர் பேக்கப் கோப்பும், டேட்டாபேஸ் கோப்பும், கான்ஃபிகரேஷன் கோப்பும் மூணும் சேர்ந்து இருந்தா, டாங்கிள் புகைஞ்சு போனாலும் அதே வகை இன்னொண்ணை மாட்டி பழைய நெட்வொர்க்கை எழுப்பிடலாம்.

இவ்வளவும் சரியாத்தான் பண்ணேன். இனிமேதான் பெரிய தப்பு.

எங்க வீடு நீளமான வீடு. முன்னாடி பட்டாசால், அப்புறம் ரெண்டு ரூம், அடுக்களை, பின்கட்டு, அதைத் தாண்டி பாத்ரூம். பழைய கல்லுச் சுவரு, நடுவுல ரெண்டு இரும்பு பீரோ. ரேடியோவுக்கு பீரோ ஒரு கோட்டை மாதிரி. பட்டாசால்ல இருக்கிற டாங்கிளுக்கு பாத்ரூம் பட்டன் எட்டவே எட்டாது. அதனால அடுக்களையில ஃபிரிட்ஜ் பக்கத்துல ஒரு ஜிக்பீ பிளக் போட்டேன். அது ரவுட்டர். பட்டன் அதைத் தாயாப் பிடிச்சுக்குச்சு. லீவுல வந்தப்போ இருபது தடவை அமுக்கிப் பார்த்தேன், இருபது தடவையும் ஒரு செகண்டுக்குள்ள போன் அடிச்சது. அப்பத்தாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். "விழுந்துட்டா எந்திரிக்க முயற்சி பண்ணாதீங்க, கத்தி மூச்சு வாங்காதீங்க. பட்டனை அமுக்கிட்டு அப்படியே இருங்க. அஞ்சு நிமிஷத்துல யாராவது வந்துருவாங்க." பட்டன்ல ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். அதைக் காட்டி, "இது எரிஞ்சா எனக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்"னு வேற சொன்னேன்.

இந்தக் கடைசி வாக்கியம் பொய். அப்போ எனக்கே தெரியாது.

அடுத்த ஆடி மாசத்துல ஒருநாள். மாதாந்திரப் பராமரிப்புன்னு துணை மின்நிலையத்துல கரண்டை நிறுத்துவாங்கல்ல, காலை 9 மணியில இருந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும், பேப்பர்ல ஊர்ப் பேரோட போடுவாங்களே, அந்த நாள். ராஸ்பெர்ரி பை யூ.பி.எஸ்-ல இருந்துச்சு, ஓடிக்கிட்டே இருந்துச்சு. இன்டர்நெட் பெட்டியும் யூ.பி.எஸ்-லதான். நான் அந்த யோசனையோட, பெருமையா, ரெண்டுக்கும் லைன் இழுத்திருந்தேன். ஆனா ஃபிரிட்ஜ் லைன் யூ.பி.எஸ்-ல இல்ல. யார் வீட்லயும் இருக்காது, ஃபிரிட்ஜை மாட்டினா பேட்டரி தாங்காது. கரண்டு போன நொடியே அந்த பிளக் செத்துப் போச்சு. பட்டனோட தாய் போயிடுச்சு. வேற தாயைத் தேடினாலும் எட்டுற தூரத்துல யாரும் இல்ல.

பதினோரு மணி வாக்குல அப்பத்தா வழுக்கி விழுந்துட்டாங்க. பட்டனை அமுக்கியிருக்காங்க. சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கு. அந்த விளக்கு சொல்றது "நான் அனுப்ப முயற்சி பண்றேன்"னு மட்டும்தான், போய்ச் சேர்ந்துச்சான்னு அது சொல்லாது. நான் சொன்ன மாதிரியே அவங்க கத்தாம, அசையாம, அமைதியா இருந்திருக்காங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அமுக்கியிருக்காங்க. மறுபடியும் விளக்கு. பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை பறிக்க பின்கட்டு வழியா வந்தப்போதான் பார்த்திருக்காங்க. எலும்பு முறிவு இல்ல, மணிக்கட்டு வீங்கிப் போச்சு, ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு அனுப்பினாங்க. அன்னைக்கு ராத்திரி போன்ல அப்பத்தா என்கிட்ட கோவிக்கல. "அமுக்குனேன்யா. லைட்டு எரிஞ்சது. நீ வருவன்னு நெனச்சேன்"னாங்க.

பட்டனே இல்லாம இருந்திருந்தா முதல் நிமிஷமே கத்தியிருப்பாங்க. பக்கத்து வீடு கூப்பிடு தூரம்தான். அந்த நாற்பது நிமிஷமும் நான் கொடுத்தது.

சென்னையில இருந்தபடி அன்னைக்கு லாக் எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இன்னும் வயித்தெரிச்சல் என்னன்னா, என் போன் டாஷ்போர்டுல அந்தப் பட்டன் அன்னைக்கு முழுக்க பச்சையா "ஆன்லைன்"னுதான் இருந்துச்சு. ஜிக்பீ டு எம்க்யூடிடி-ல ஒரு டிவைஸ் உயிரோட இருக்கான்னு பார்க்கிற வசதிக்கு அவெய்லபிலிட்டின்னு பேரு. அது முதல்ல ஆஃப்லதான் இருக்கும், நாமதான் ஆன் பண்ணணும். ஆன் பண்ணினாலும் கரண்டுல ஓடுற டிவைஸுக்கு பத்து நிமிஷம் பதில் வரலைன்னாதான் ஆஃப்லைன்னு சொல்லும். பேட்டரி டிவைஸுக்கு எவ்வளவு தெரியுமா? 25 மணி நேரம். தூங்குற டிவைஸை எழுப்பிக் கேட்க முடியாதில்லையா, அதனால அப்படி வச்சிருக்காங்க, அதுல குத்தம் சொல்ல முடியாது. பிளக் ஆஃப்லைன் ஆனதை அது பதிவு பண்ணியிருந்துச்சு. அதுக்கு ஒரு அலெர்ட் போட எனக்குத்தான் தோணல. டாக்குமென்டேஷன்ல எல்லாம் தெளிவா எழுதியிருக்கு. நான் படிக்கல.

அப்புறம் என்ன மாத்தினேன்னு சொல்றேன். முதல்ல எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிட்டு வந்து, எந்தெந்த பாயின்ட் யூ.பி.எஸ் லைன்ல வருதுன்னு பார்த்து ஸ்கெட்ச்ல புள்ளி வச்சோம். அடுக்களையில ஃபேன் லைன் யூ.பி.எஸ்-ல இருந்துச்சு, அதுல இருந்து ஒரு பிளக் பாயின்ட் எடுத்தோம். அதுல ஒரு சாதா மொபைல் சார்ஜர். அந்தச் சார்ஜர்ல இன்னொரு யூ.எஸ்.பி டாங்கிள். இது நெறய பேருக்குத் தெரியாது: அதே கோஆர்டினேட்டர் டாங்கிள்ல ரவுட்டர் ஃபர்ம்வேரை ஏத்தினா அது சும்மா ரவுட்டரா மாறிடும். கம்ப்யூட்டரே வேணாம், அஞ்சு வோல்ட் கிடைச்சா போதும். நல்ல ஆன்டெனா வேற இருக்கா, பிளக்கை விட நல்லாவே கடத்துது. பின்கட்டுல ஒண்ணு, அடுக்களையில ஒண்ணு, ரெண்டு வச்சேன். ஒண்ணு போனா ஒண்ணு.

பழைய பிளக்கை நெட்வொர்க்கை விட்டே தூக்கிட்டேன். இதையும் கவனிங்க. சில பேட்டரி டிவைஸ் பிடிச்ச தாயை லேசுல விடாது. பக்கத்துல நல்ல ரவுட்டர் வந்தாலும் செத்துப் போன பழையதையே தேடிக்கிட்டு கிடக்கும். அதனால புது ரவுட்டர் பக்கத்துல வச்சு, பட்டனைப் புதுசா சேர்த்தேன்.

ரெண்டாவது, மெயின் சுவிட்ச் டெஸ்ட். ஞாயித்துக்கிழமை மெயினை ஆஃப் பண்ணிட்டு, பத்து நிமிஷம் விட்டு, வீட்ல இருக்கிற எல்லா பட்டனையும் சென்சாரையும் ஒவ்வொண்ணா தொட்டுப் பார்க்கணும். கரண்டு இருக்கும்போது பண்ற டெஸ்ட் டெஸ்டே இல்ல. எந்த ரவுட்டர் ஆஃப்லைன் ஆனாலும் இப்போ எனக்கு அலெர்ட் வரும்.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். பதில் சத்தம். பட்டனை அமுக்கி, செய்தி கோஆர்டினேட்டருக்கு வந்து சேர்ந்தா, பட்டாசால்ல யூ.பி.எஸ் லைன்ல இருக்கிற ஒரு பஸ்ஸர் விட்டு விட்டு அடிக்கும், பாத்ரூம் வரைக்கும் கேட்கும். அப்பத்தாவுக்கு இப்போ சொல்லியிருக்கிறது ஒண்ணே ஒண்ணு: விளக்கைப் பார்க்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க. சத்தம் வரலைன்னா வரல, உடனே கூப்பாடு போடுங்க. அதோட ஒரு எவர்சில்வர் டம்ளரும் கயித்துல கட்டித் தொங்குது, பக்கெட்ல தட்ட. அது அவங்க யோசனை. உண்மையைச் சொன்னா இந்த மொத்த செட்டப்புலயும் ஃபர்ம்வேர் அப்டேட் தேவைப்படாத ஒரே சாமான் அதுதான்.

இந்தக் கதை தெருவுக்கே தெரிஞ்ச பிறகு, எங்க தாய்மாமா வந்தார். அவர் ஒரு பயர் ஆபீஸ்ல போர்மேன். (வெளியூர்க்காரங்களுக்கு மறுபடியும்: எங்க ஊர்ல பட்டாசு ஆலையையும் தீப்பெட்டி ஆலையையும் ஆபீஸ்னுதான் சொல்லுவோம்.) "மாப்ளே, உன்கிட்ட சூடு, ஈரம் எல்லாம் போன்ல காட்டுற டப்பா இருக்காமே. மருந்து கலக்குற ரூம்ல ஒண்ணு ஒட்டிக் கொடு. காலையில உள்ள போறதுக்கு முன்னாடி நானே போன்ல பார்த்துக்கிடுவேன்"னார்.

அவர் கேட்டதுல அர்த்தம் இருக்கு. எங்க ஊர்ல காத்துல இருக்கிற ஈரம் சும்மா விஷயம் இல்ல. காத்து ரொம்பக் காய்ஞ்சா உடம்புல, துணியில ஸ்டாட்டிக் கரண்டு ஏறும். உள்ள போறதுக்கு முன்னாடி எர்த் பண்ணின செப்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போறது, பருத்தித் துணிதான் போடணும்கிறது எல்லாம் அதுக்குத்தான். ஈரம் அதிகமானா அது வேற ஆபத்து. அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டா தானா சூடாகும். மீந்த கலவையை ராத்திரி வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்றது அதனாலதான். பேப்பர்ல ஒவ்வொரு விபத்துக்கும் "உராய்வு காரணமாக"ன்னு ஒரே வார்த்தை போட்டு முடிச்சிடுவாங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஸ்கூல்ல ஆசிரியர் தினம், வெளிய வந்து பார்த்தா வானத்துல புகை. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இந்த ரெண்டு தேதியும் இந்தப் பக்கத்துல யாருக்கும் காலண்டர் பார்க்காமலே தெரியும். மாமா மாதிரி ஒருத்தர் காலையில ஒரு எண்ணைப் பார்த்துட்டு உள்ள போகணும்னு நெனைக்கிறதுல என்ன தப்பு?

ஆனா நான் முடியாதுன்னுட்டேன். அவருக்கு மனசு சங்கடமாயிருச்சு.

"மாமா, உள்ள போகும்போது போனை எங்க வைப்பீங்க?"ன்னு கேட்டேன். "வெளியில, வாசல் ரூம்ல. உள்ள விடமாட்டோம்லா." "அப்போ அந்தப் போன்ல இருக்கிற மாதிரியே ஒரு ரேடியோ, ஒரு லித்தியம் செல், ஒரு பிளாஸ்டிக் டப்பா. இது மூணையும் செவுத்துல ஒட்டி, ராத்திரி பகலா அங்கேயே விடச் சொல்றீங்க." அவர் கொஞ்ச நேரம் பேசல.

நேர்மையாச் சொன்னா, ஜிக்பீயோட ரேடியோ பவரே மருந்தைப் பத்த வச்சிடும்னு நான் நெனைக்கல, அது ரொம்பக் கம்மி. எனக்குப் பயம் செல்லு மேலயும், ஸ்டாட்டிக் சேர்ற பிளாஸ்டிக் மேலயும், செல் மாத்த ஒருத்தர் அங்க போய் மூடியை நெம்புற நிமிஷத்து மேலயும்தான். பெட்ரோல், கேஸ் இருக்கிற இடத்துக்குன்னே தீப்பொறி வராத மாதிரி செஞ்சு சான்று வாங்கின கருவிகள் உண்டு, அது நம்ம வாங்குற சாமானோட விலையில வராது. அந்தச் சான்றும் வெடிமருந்து தயாரிக்கிற இடத்தை மனசுல வச்சு எழுதினது இல்ல. 2008 வெடிபொருள் விதிகள், உரிமம், அதைப் பார்க்கிற பெசோ அதிகாரிகள்னு ஒரு ஏற்பாடு இருக்கு. அந்த அறைக்குள்ள என்ன போகலாம்னு சொல்ல வேண்டியது அவங்க. ஆன்லைன்ல டப்பா வாங்கின நான் இல்ல.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் முடியாதுன்னதுக்கு உண்மையான காரணம் அப்பத்தாதான். சென்சார் நின்னு போயும் போன்ல பழைய எண்ணே பச்சையா நிக்கும், மாமா அதைப் பார்த்துட்டு உள்ள போவார். அப்பத்தா சிவப்பு விளக்கைப் பார்த்துட்டுப் படுத்திருந்த மாதிரி. அங்க கறிவேப்பிலை பறிக்க யாரும் வரமாட்டாங்க.

இதை அவர்கிட்ட அப்படியே சொன்னேன். கடைசியில ரெண்டு பேருமா சேர்ந்து வேற ஒண்ணு வாங்கினோம். ரெண்டு தெர்மாமீட்டர், அதுல ஒண்ணோட குமிழ்ல ஈரத் திரி சுத்தியிருக்கும். ஸ்கூல் லேப்ல பார்த்திருப்பீங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில பார்த்தா ஈரப்பதம் கிடைச்சிடும். செல்லு கிடையாது, ரேடியோ கிடையாது. முதலாளிகிட்ட கேட்டுட்டு, மருந்து ரூமை விட்டுத் தள்ளி, கேட் பக்கத்து நிழல்ல மாட்டியிருக்காங்க. மாமா அட்டவணையைப் பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். சிவகாசியில பிரிண்டுக்கா பஞ்சம்! அப்பா பிரஸ்லயே அடிச்சு, லேமினேஷன் போட்டுக் கொடுத்துட்டார்.

சரி, கேள்விகள் ரெண்டு எடுத்துக்கிறேன். ராஜபாளையத்துல இருந்து ஒரு நண்பர், மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க் பின்னாடி வச்ச சென்சார் அடிக்கடி காணாம போகுதுன்னு கேட்டிருந்தார். தண்ணி 2.4 கிகாஹெர்ட்ஸை நல்லா உறிஞ்சும். டேங்க் நிறைஞ்சிருக்கும்போது காணாம போகுது, காலியா இருக்கும்போது வருதுன்னா அதேதான். சென்சாரை டேங்குக்கு இந்தப் பக்கம் மாத்துங்க. சாத்தூர்ல இருந்து ஒருத்தங்க, ரெண்டு வீட்டுக்கு ஒரே கோஆர்டினேட்டர் போதுமான்னு கேட்டிருக்காங்க. நடுவுல தெரு இருந்தா தனித்தனியா ரெண்டு வாங்குங்க, ரெண்டுக்கும் வேற வேற சேனல் வைங்க.

அப்பத்தா நல்லா இருக்காங்க. பேப்பர்ல திருத்தங்கல்னு கரண்டு கட் அறிவிப்பு வந்தா, அம்மா அதைச் சத்தமா படிச்சுட்டு வேலைக்குப் போவாங்க. 9 மணிக்கு கரண்டு போகும், 9.05-க்கு என் போன் அடிக்கும். அப்பத்தா டெஸ்ட் பண்றாங்க. பஸ்ஸர் சத்தம் கேட்டதும் விட்டுருவாங்க. இந்த மாசம் 9.20 வரைக்கும் வரல. நான் மீட்டிங்ல இருந்து எந்திரிச்சு வெளிய வந்து பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போடப் போறேன், அப்போ அடிச்சது. சாயங்காலம் கேட்டா, "இட்லி ஆறிப்போயிரும்னு சாப்பிட்டுட்டு அமுக்குனேன்"ங்கிறாங்க.

அடுத்த எபிசோட்ல ரவுட்டர் ஃபர்ம்வேர் ஏத்துறது எப்படின்னு படிப்படியா பார்ப்போம்.